வண்டியின் முதுகில் ஒரு பெயர்

காரவான் பார்க்குக்குள் சாயங்காலம் புதிதாக ஒரு வண்டி நுழைந்தால், ஏற்கெனவே தங்கியிருக்கிறவர்கள் செய்கிற முதல் காரியம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வதுதான். உதவி செய்ய அல்ல, வேடிக்கை பார்க்க. படுக்கை, அடுப்பெல்லாம் உள்ள ஆறு மீட்டர் நீளக் காரவானைக் காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் இடப்பக்கம் போகிற அந்தச் சனியனை, இரண்டு மரங்களுக்கும் ஒரு தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே பின்னுக்குத் தள்ளி நிறுத்த வேண்டும். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். அவள் காட்டுவது அவன் கண்ணில் படாது, அவன் கத்துவது அவள் காதில் விழாது. நாற்பது வருஷம் மரியாதையாகக் குடும்பம் நடத்தியவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் பேசிக்கொள்கிற பேச்சை எழுத முடியாது. ஓய்வு பெற்று ஊர் சுற்றக் கிளம்பிய எங்கள் கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது.

ஸ்ட்ரீக்கி பே என்கிற கடலோர ஊரில் அன்றைக்கு வேடிக்கைப் பொருளாக இருந்தது நெவில். எழுபத்திரண்டு வயது. மர்ரே பிரிட்ஜ் என்கிற ஊரில் நாற்பது வருஷம் கறிக்கடை வைத்திருந்தவன். ஓர் ஆட்டை இருபது நிமிஷத்தில் துண்டு போட்டுவிடுவான். வண்டியை ரிவர்ஸ் எடுக்கத்தான் அவனுக்குக் கடவுள் கைகொடுக்கவில்லை.

பின்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தவள் க்ளெனிஸ், அவன் மனைவி. அறுபத்தேழு வயது. கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகிறது. அவளுக்கு அது முதல் கல்யாணம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். ஐம்பத்தேழு பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸை ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்து ஷெட்டில் விடுவாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது வாக்கி டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு, "இடது... இல்ல நெவ், உன் இடது இல்ல, வண்டியோட இடது..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாவியைக் கொடு, நான் எடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு நாக்கு துடிக்கத்தான் செய்தது. சொல்ல மாட்டாள். அந்தக் காரவான் மெர்லுடையது, அந்தப் பழக்கமும் மெர்லுடையது என்பது அவள் நினைப்பு.

மெர்ல், நெவிலின் முதல் மனைவி. போய் ஐந்து வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோது இருவரும் இதே வண்டியில் நாட்டையே மூன்று சுற்றுச் சுற்றியவர்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற மாதிரியே வண்டியின் முதுகில் பெரிய நீல ஸ்டிக்கர் எழுத்தில் பெயர் போட்டிருந்தார்கள். 'நெவ் – மெர்ல். சானல் 18.' சாலையில் பின்னால் வருகிறவன் ரேடியோவில் கூப்பிட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல அது வசதி. பார்க்கில் யார் எவரென்று கேட்காமலே பெயர் சொல்லிக் கூப்பிடவும் வசதி.

இரண்டாம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு நெவில் முடி உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டிக் காட்டி மெர்ல் என்ற எழுத்துகளை மட்டும் பொறுக்கி உரித்தான். பதினாலு வருஷ வெயிலில் வண்டியெல்லாம் பழுத்துப்போயிருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த வெள்ளை அப்படியே இருந்தது. உரித்த பிறகு மெர்ல் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தாள். நெவில் பெயிண்ட் வாங்கி வரக் கிளம்பியபோது க்ளெனிஸ்தான், "விடு நெவ், எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். கறிக்கடைக்காரன் அதை அப்படியே நம்பிவிட்டான்.

ஈஸ்டர் முடிந்து பெர்த்தில் இருக்கும் நெவிலின் மகனைப் பார்க்கக் கிளம்பினார்கள். முதல் ஊரிலேயே ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு, "நீங்கதான மெர்ல்?" என்று வந்தாள். க்ளெனிஸ் உண்மையைச் சொன்னாள். அவ்வளவுதான், பார்க்கில் தினமும் எல்லாரும் கூடி உட்காருகிற ஐந்து மணிக் கூட்டம் இழவு வீடாகிவிட்டது. எல்லாரும் பீர் கேனைக் கீழே வைத்துவிட்டு, "அடடா, எப்போ? என்ன சீக்கு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். நெவில் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் கண்றாவியை ஊருக்கு ஊர் அவன் படவேண்டாம் என்று க்ளெனிஸ் முடிவு செய்தாள். அடுத்த ஊரில் ஒரு கிழவர், "வாம்மா மெர்ல், உட்காரு" என்றதும், போய் உட்கார்ந்துவிட்டாள்.

நெவிலுக்கு இது எதுவும் தெரியாது. கூட்டத்தில் இரைச்சல் தாங்காமல் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கம் அவனுக்கு. யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவான். நல்ல மனுஷன் என்று பெயரும் வாங்கிவிடுவான்.

ஆனால் ஐந்து மணிக் கூட்டத்தில் பெயரோடு விட மாட்டார்கள். சீஸும் பிஸ்கட்டும் நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் வாழ்க்கைக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கே பார்த்தீர்கள், எப்போது கட்டினீர்கள், எத்தனை பிள்ளை. மெர்லாக உட்கார்ந்தவள் மெர்லின் கதையைத்தானே சொல்ல முடியும்? கறிக்கடை திறந்த அன்றே ஐஸ் அறை கெட்டுப்போனது, மர்ரே ஆறு பெருகியபோது நிறைமாத வயிற்றோடு படகில் ஆஸ்பத்திரிக்குப் போனது என்று நெவில் தன்னிடம் சொன்னதையெல்லாம் அவள் தனக்கு நடந்ததாகச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். படகுக் கதைக்குக் கூட்டம் வாயைப் பிளந்தது. ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, பிறகு அதில் ஒரு சுகம்கூட வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரம் அவளும் மற்றப் பெண்களைப் போல ஐம்பது வருஷம் ஒருத்தனோடு வாழ்ந்தவளாக இருந்தாள்.

ஸ்ட்ரீக்கி பேயில்தான் மாட்டிக்கொண்டாள். பக்கத்து வண்டிக்காரி டாட். பள்ளிக்கூட கேண்டீனை இருபது வருஷம் கட்டி மேய்த்தவள். அவள் புருஷன் ராஸ், வாயில்லாப் பூச்சி.

"கல்யாணமாகி எத்தனை வருஷம் கண்ணு?" என்றாள் டாட்.

"ஐம்பது ஆகப் போகுது."

"ஆகப் போகுதுன்னா? தேதி சொல்லு."

க்ளெனிஸுக்குத் தேதி தெரியும். மே பதினெட்டு. போன வருஷம் கல்யாணத்துக்கு முந்தின மாதம், அந்தத் தேதியில் நெவில் தனியாகக் கல்லறைக்குப் பூ கொண்டுபோனான். அது வாயில் வந்துவிட்டது.

"அட, வர்ற ஞாயித்துக்கிழம!" என்று டாட் ராஸின் தொடையில் ஓங்கி அறைந்தாள். க்ளெனிஸ் ஏதேதோ சொல்லி மழுப்பினாள். டாட் அத்தோடு பேச்சை விட்டதைப் பார்த்து, பிழைத்தோம் என்று நினைத்தாள். கேண்டீன் நடத்தியவள் பேச்சை விட்டால் வேலையைத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம், அது பஸ் ஓட்டியவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைக்கப் போன க்ளெனிஸ், பொதுச் சமையலறையில் ராஸ் ஏணி மேல் ஏறித் தங்க நிற பலூன் கட்டுவதைப் பார்த்தாள்.

"யாருக்கு ராஸ்?"

ராஸ் பதறிப்போனான். "நீ பாக்கவே இல்லம்மா மெர்ல். நான் சொல்லவும் இல்ல. டாட் கேக் வாங்க டவுனுக்குப் போயிருக்கா. தெரிஞ்சா என்னக் கொன்னுருவா."

துணிக்கூடையைக் கீழே வைத்தது க்ளெனிஸுக்கு நினைவில்லை. மணி மூன்று. இன்னும் இரண்டு மணி நேரத்தில் நாற்பது பேர் கைதட்ட, செத்துப்போன மனைவியோடு ஐம்பதாவது கல்யாண நாளுக்கு நெவிலைக் கேக் வெட்டச் சொல்லப் போகிறார்கள். அதுவும் அந்தத் தேதியிலேயே. காலையிலிருந்து அவன் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

மீன் கழுவுகிற மேடையில் நெவில் கிழங்கான் மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கூப்பிட்டாள், காது கேட்கவில்லை. அவன் சட்டைப் பையில் கையை விட்டு மெஷின் இரண்டையும் எடுத்துத் தானே அவன் காதில் பொருத்தினாள்.

"என்னடி, மீன் கையோட இருக்கேன்."

"கையக் கழுவ வேணாம். காது கேட்டாப் போதும்." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பலூனிலிருந்து ஆரம்பித்து முதல் ஊர்வரை பின்னோக்கிச் சொன்னாள்.

நெவில் கத்தியை நிறுத்தினான். "அஞ்சு வாரமா உன்ன எல்லாரும் மெர்ல்னா கூப்பிட்டாங்க?"

"ஆமா."

"நீயும் என்னன்னு திரும்பிப் பாத்தே?"

"ஆமா."

"அவ கதைல என்னென்ன சொன்னே?"

"நீ எங்கிட்ட சொன்னதுதான். ஐஸ் ரூம் கெட்டது, வெள்ளம்..."

"படகுமா?"

"அது ரொம்ப எடுபட்டுச்சு நெவ்."

அவன் உதடு ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, வேறெதுவுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "சரி, உன் கதைக்கு என்ன கேடு? அத ஏன் சொல்லல?"

"எங்கிட்ட என்ன கதை இருக்கு?" என்றாள். "முப்பத்தோரு வருஷம் ஒரே ரோடு. வீட்டுக்கு வந்தா அம்மாவக் குளிப்பாட்டி, சூப் ஊட்டித் தூங்கவெக்கறது. அப்புறம் பதினோரு மாசம் உங்கூட. ஒரு பிஸ்கட்டத் தின்னு முடிக்கறதுக்குள்ள சொல்லிடலாம். அவங்கள்லாம் ஐம்பது வருஷக் கதை வெச்சிருக்காங்க."

நெவில் கத்தியைக் கழுவினான், கையைக் கழுவினான், பார்க் வாசலைத் தாண்டி டவுன் பக்கம் நடந்துவிட்டான். மீன் பாதியில் கிடந்தது.

அவள் மிச்ச மீனைச் சுத்தம் செய்தாள். அறுபத்தாறு வயதில், இனி இல்லை என்று விட்டுவிட்ட ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. காலையில் இரண்டு கோப்பை தேநீர் போடுவது, வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பு, தூக்கத்தில் காலை மேலே போடுகிற ஒரு மனுஷன். அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்து, மீன் மேடையில் நின்று அழுதாள். பெலிக்கன் பறவைகள் குடலுக்காகக் காத்துக்கொண்டு நின்றன.

வண்டிக்கு அவள் திரும்பவில்லை. ஐந்து மணிக்கு நெவில் வந்து எல்லார் முன்னாலும் அந்தக் கேக்கைப் பார்க்கும்முன் தானே சொல்லிவிடுவது என்று நேராகச் சமையலறைக்கு நடந்தாள். நாற்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். ஸ்பாஞ்ச் கேக்கில் 'நெவ் – மெர்ல் 50' என்று கிரீமில் எழுதியிருந்தது. டாட் முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டு, "மாப்பிள்ள எங்கடி?" என்றாள்.

"நான் மெர்ல் இல்ல" என்றாள் க்ளெனிஸ்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். "மெர்ல் நெவிலோட முதல் சம்சாரம். தவறிப்போய் அஞ்சு வருஷம் ஆச்சு. நான் சொன்னதெல்லாம் அவங்க கதை. என் பேரு க்ளெனிஸ். நான்..." முதல் ஊரில் போலவே இங்கேயும் ஒவ்வொருவராக பீர் கேனைக் கீழே வைத்தார்கள். ராஸ் கையிலிருந்த பலூனை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான்.

"எல்லாரும் எதுக்கு இப்படிச் செத்த வீட்டு மொகத்தோட உட்காந்திருக்கீங்க?"

நெவில் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு காதிலும் மெஷின் இருந்தது. விரலெல்லாம் கறுப்புப் பெயிண்ட். உள்ளே வந்து க்ளெனிஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். பழக்கமில்லாத பேச்சுக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"எனக்கு வண்டி ரிவர்ஸ் வராது. நீங்களே பாத்தீங்க."

"பதினாலு நிமிஷம்" என்றான் ராஸ், அந்த ஐந்து நாளில் முதல்முறையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்து. "நான் மணி பாத்தேன்."

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழம, எங்க ஊர் குப்பைக் கிடங்கு. டிரெய்லர் நிறைய வெட்டுன கிளை. ரிவர்ஸ் எடுக்கறேன், எடுக்கறேன், கோணிக்கிட்டு நிக்குது. பின்னால ஏழு காரு. ஹாரன் அடிக்கறானுங்க. அதுல ஒரு காருலேர்ந்து இவ எறங்கி வந்தா. ஜன்னல்ல தட்டுனா. 'எறங்கு'ன்னா. வணக்கம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எறங்கிட்டேன். ஒரே மூச்சுல கொண்டுபோய்ச் சரியா குழி ஓரத்துல நிறுத்திட்டுச் சாவிய என் கையில குடுத்தா."

பின் வரிசையில் ஒரு கிழவர் விசிலடித்தார்.

"நன்றி சொல்லலாம்னு இவ டிரெய்லருக்குப் பின்னாடியே போனேன். அதுல ஒரு மெத்த இருந்துச்சு. இவங்க அம்மா படுத்திருந்த மெத்த. அம்மா போயி எட்டு மாசம் தூக்கிப் போட மனசு வராம வெச்சிருந்திருக்கா. அன்னிக்கும் கயித்த அவுத்துட்டு நிக்கறா, நிக்கறா, கை வரல. நான் ஒண்ணும் கேக்கல. அந்தப் பக்கத்து முனையப் பிடிச்சேன். ரெண்டு பேருமாத் தூக்கிப் போட்டோம். அப்புறம் என் கிளைக்குவியல் மேலயே உக்காந்து அழுதா. நானும் அழுதேன், எனக்கும் போட வேண்டியது வீட்டுல நெறைய இருந்துச்சு." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். மூக்கில் கறுப்பு ஒட்டியது. "இவ தங்கிட்ட கதையே இல்லங்கறா. நான் இந்தக் கதைய எங்கிட்டயே தெனம் சொல்லிக்கறேன். இவகிட்டதான் சொன்னதில்ல. தப்பு என்னுது."

டாட் சத்தம் போட்டு மூக்கைச் சிந்தினாள். "படுபாவி! இவ்வளவு நல்ல கதைய வெச்சுக்கிட்டு எங்கள அந்தப் படகுல ஏத்திவிட்டியேடி!"

அதற்கு மேல் யாராலும் சோகமாக இருக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் டாட் கேக்கைத் தயக்கத்தோடு பார்த்தாள். "இத என்ன பண்றது நெவ்?"

"வெட்டு. இன்னிக்கு மெர்லோட நாள்தான். ஸ்பாஞ்ச் கேக்க வீணாக்குனா அவளுக்குப் பிடிக்காது" என்றான். முதல் துண்டை க்ளெனிஸ் வெட்டினாள். அதை அவன் வாயில் ஊட்டினாள்.

இருட்டும்முன் இருவரும் வண்டிக்குத் திரும்பினார்கள். பின்பக்கம் வந்ததும் க்ளெனிஸ் நின்றாள். நீல எழுத்தில் இருந்த 'நெவ்' இல்லை. அதையும் உரித்திருந்தான். மெர்லுக்குப் பக்கத்தில் அவனும் வெள்ளையாய், பழைய வெயில் படாத தழும்பாய்த் தெரிந்தான். இரண்டு பெயரும் ஒன்றுபோல் இருந்தன.

"அந்த நெவ் அவளோட ஆளு" என்றான் நெவில். "அவங்க ரெண்டு பேரும் அங்கயே இருக்கட்டும். உனக்கு ஆட்சேபம் இல்லன்னா."

அவற்றுக்குக் கீழே ஈரம் காயாத கறுப்புப் பெயிண்டில் 'க்ளெனிஸ் – நெவ்' என்று எழுதியிருந்தது. நாற்பது வருஷம் கறிக்கடைக் கண்ணாடியில் தள்ளுபடி விலை எழுதிய கை. உருண்டு திரண்ட எழுத்து, கீழே இரட்டைக் கோடு.

"கிலோ என்ன விலைன்னு மட்டுந்தான் போடல" என்றாள். சொல்லிவிட்டு அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் காரின் வலப்பக்கக் கதவைத் திறக்கப் போன நெவில், திறக்காமல் சுற்றி வந்து சாவியை அவள் கையில் வைத்தான். "எறங்குன்னு அன்னிக்குச் சொன்னல்ல. நான்தான் எறங்குனத மறந்துட்டேன்."

செடுனாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. அங்கேயும் நாற்காலிகள் திரும்பின. நெவில் வாக்கி டாக்கியோடு பின்னால் போய் நின்றுகொண்டான்.

"க்ளெனிஸ், க்ளெனிஸ், நெவ் பேசறேன். இடது பக்கம் ஒரு மரம் இருக்கு."

"தெரியுது நெவ்."

"வலது பக்கம் குழாய்."

"தெரியுது."

"அப்ப நான் இங்க எதுக்கு நிக்கறேன்?"

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இரு."

இரண்டு மரத்துக்கும் குழாய்க்கும் நடுவே வண்டி ஒரே மூச்சில் போய் நின்றது. பார்க்க ஒன்றுமில்லை என்று நாற்காலிக்காரர்கள் ஏமாந்துபோனார்கள். பச்சை நிறக் குல்லாய் போட்ட ஒருத்தி மட்டும் வண்டியின் முதுகில் இருந்த நாலு பெயரையும் நின்று படித்துவிட்டு, பிஸ்கட் தட்டோடு அருகில் வந்தாள்.

"க்ளெனிஸ் நீங்கதான? கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?"

க்ளெனிஸ் காரிலிருந்து இறங்கி, கதவைச் சாத்தி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"பதினோரு மாசம்" என்றாள். "நாற்காலிய எடுத்துட்டு வாங்க. கதை கொஞ்சம் பெருசு. குப்பைக் கிடங்குலேர்ந்து ஆரம்பிக்கணும்."